ரேம் ஸ்லாட் உண்டா இல்லையா என்பதை லேப்டாப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் முதலில் வரும் பதில், 'ரேம் போட்டுடலாம் சார்' என்பதுதான். ரேம் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி; அதை மாட்டும் இடம்தான் ஸ்லாட். பல நேரம் அது சரி. ஆனால் ரேம் கூட்டியும் வேகம் கூடாத கணினிகள் உண்டு. ரேம் கூட்டவே இடமில்லாத கணினிகளும் உண்டு. அது பெரும்பாலும் அடிமூடியைக் கழற்றிய பிறகுதான் வாங்கியவருக்குத் தெரிகிறது. ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்குக் கிராக்கி அதிகமாகி, சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய உற்பத்தியாளர்களின் கவனமும் அந்தப் பக்கம் போனதால், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிக்கிடக்கிறது. 'குரூஷியல்' என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலைமையில் தவறான ரேமை வாங்குவதும், தேவையில்லாமல் வாங்குவதும் முன்பைவிடப் பெரிய நட்டம். லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், வாசகர்கள் காசு கொடுக்கும் முன் பார்க்கவேண்டியவற்றையும், விற்பவர்களிடம் நாம் எல்லோரும் கேட்கவேண்டிய ஒன்றையும் எழுதுகிறோம். கடிதம் நீளமென்றாலும் வெளியிட வேண்டுகிறோம்.

முதலில், குறை ரேமில்தானா என்று பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, அதாவது பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், எக்செல், ஒரு வீடியோ கால் என்று ஓடவிட்டு, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைச் சொடுக்குங்கள். பயன்பாடு எப்போதும் 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. 60 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால், இன்னும் 8 ஜிபி போட்டாலும் கணினி வேகமாகாது. அதே பக்கத்தில் 'கமிட்டெட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், கணினியில் உள்ள ரேமைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால், அதுவும் பற்றாக்குறைக்கு நல்ல அடையாளம்.

அடுத்து 'டிஸ்க்' பகுதி. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே இருப்பதும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், முதலில் மாற்றவேண்டியது அதைத்தான். ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. டிடிஆர்4 என்ற தலைமுறையைச் சேர்ந்த 3200 வேக ரேம் ஒன்று வினாடிக்கு 25,600 எம்பி வரை தரக்கூடியது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகமில்லாத சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி அளவில் தரும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போதே 100 எம்பி சுமாருக்குத்தான் வரும். சின்னச் சின்னத் துண்டுகளாக அங்குமிங்கும் தேடிப் படிக்கும்போது ஒரு எம்பிக்கும் கீழே போய்விடும். 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினி சுத்தமாக நின்றுபோவது இதனால்தான். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அந்தக் கணினிக்கு எஸ்எஸ்டி போடுங்கள். எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது, ரேம் 4 ஜிபி என்றால் தயங்காமல் ரேமைக் கூட்டுங்கள்.

ரேம்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டால், அதைப் போட இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். மெமரி பக்கத்தின் கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று இருந்தால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்க வாய்ப்பு உண்டு. 'ஃபார்ம் ஃபாக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால், ரேம் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே சால்டர் செய்து ஒட்டப்பட்டது, கழற்ற முடியாது. ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்பிடிடிஆர்5 வகை மெமரி உள்ள பல கணினிகளில் '4 ஆஃப் 4', '8 ஆஃப் 8' என்று காட்டும். உள்ளே ஒரு ஸ்லாட்கூட இருக்காது. சேனல்களை, அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதைகளை, ஸ்லாட்டுகளாக எண்ணிச் சொல்வதால் வரும் குழப்பம் அது. எனவே லேப்டாப்பின் விவரக் குறிப்பில் ரேமின் வகை எழுதியிருக்கும் இடத்தில் எல்பிடிடிஆர் என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள். முன்னால் 'எல்பி' இருந்தால், இன்று சந்தையில் உள்ள ஏறக்குறைய எல்லா லேப்டாப்பிலும், அது பலகையோடு ஒட்டியது. கழற்றி மாட்டக்கூடிய எல்பிகேம்2 என்ற புது வகை வந்திருக்கிறது, ஆனால் மிகச் சில விலை உயர்ந்த மாடல்களில் மட்டுமே.

பிராசஸரின் பெயரே சில நேரம் பதில் சொல்லிவிடும். ஏஎம்டி ரைசன் 3 7320யு, ரைசன் 5 7520யு இரண்டும் எல்பிடிடிஆர்5 மெமரியை மட்டுமே ஏற்பவை. இவற்றை 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இதே வரிசைப் பெயரோடு வரும் ரைசன் 5 7530யு, டிடிஆர்4 ரேமை ஏற்கும். அதில் பெரும்பாலும் ஸ்லாட் இருக்கும். 7520, 7530 என்ற ஒரே ஓர் எண் வித்தியாசத்தில், கணினியை ஆறேழு ஆண்டு வைத்துக்கொள்ள முடியுமா என்பதே மாறிவிடுகிறது. விற்பனையாளர் இதைச் சொல்வதில்லை. பல கடைகளில் அவருக்கே தெரியாது. இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் மெமரி பிராசஸரின் உறைக்குள்ளேயே இருக்கிறது, அதையும் கூட்ட முடியாது. ஆப்பிள் மேக்புக்குகளில் 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் புரோவிலிருந்தே ரேம் ஒட்டியதுதான்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றுமே இவற்றை இலவசமாக வைத்திருக்கின்றன. லெனோவோவின் பிஎஸ்ஆர்இஎஃப் தளத்தில் மெமரி ஒட்டியதா, எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு என்று தெளிவாகவே எழுதியிருக்கும். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். விளம்பரப் பெயர் போதாது. ஒரே பெயரில் ஸ்லாட் உள்ளதும் இல்லாததும் வருகின்றன.

வகைக்கு வருவோம். லேப்டாப் ரேம் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். டெஸ்க்டாப் ரேம் பதின்மூன்று சென்டிமீட்டருக்கு மேல். விளிம்பில் உள்ள தங்க நிறத் தொடுமுனைகளைப் பின் என்பார்கள்: டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. அழுத்தி உட்காரவைக்க முயன்றால் ஸ்லாட் உடையும். அப்புறம் செலவு மதர்போர்டுக்கு.

வெட்டு காப்பாற்றாத ஓர் இடம் உண்டு. டிடிஆர்3-யும் டிடிஆர்3எல்-உம் கண்ணுக்கு ஒன்றுதான். வெட்டும் ஒன்றே, பின்னும் ஒன்றே. முதலாவதுக்கு 1.5 வோல்ட், இரண்டாவதுக்கு 1.35 வோல்ட். இன்டெல்லின் நான்காம் தலைமுறை லேப்டாப் பிராசஸர்கள் முதல் 1.35 வோல்ட் ரேம்தான் வேண்டும். அதில் சாதாரண டிடிஆர்3-ஐ மாட்டினால் டிஸ்ப்ளே வராது. மாறாக, டிடிஆர்3எல் ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும் என்பதால் பழைய கணினியிலும் போடலாம். ஆகவே டிடிஆர்3 கணினி எதுவானாலும், லேபிளில் 'பிசி3' என்பதற்குப் பிறகு 'எல்' இருக்கும் ரேமையே கேட்டு வாங்குங்கள். ஆறு, ஏழாம் தலைமுறைப் பிராசஸர்கள் டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டையும் ஏற்பவை. எதை வைத்தது என்பது லேப்டாப் நிறுவனத்தின் முடிவு; தலைமுறையை மட்டும் சொல்லி ரேம் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி, லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது எல்லாவற்றையும்விட நல்லது. கழற்ற விருப்பமில்லை என்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் 'எஸ்பிடி' பக்கம் வகை, வேகம், தயாரிப்பாளர் பெயர் எல்லாம் காட்டும்.

வேகத்தைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 2400 வேக ரேம் உள்ள கணினியில் 3200 போட்டால் இரண்டும் 2400-ல் ஓடும், அவ்வளவுதான். லேபிளில் பிசி4-19200 என்றிருந்தால் 2400, 21300 என்றால் 2666, 25600 என்றால் 3200. இதைவிட முக்கியம், இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருப்பது. ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நல்லது, ஏனென்றால் அப்போது இரண்டு சேனலும் சேர்ந்து வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத கணினிகளில் திரையில் படம் காட்டுவதற்கும் இதே ரேம்தான் என்பதால் அங்கே வித்தியாசம் நன்றாகவே தெரியும். '8 ஜிபி போட்டிருக்கிறேன், 5.9 ஜிபிதான் காட்டுகிறது' என்று ஏமாற்றப்பட்டதாக வருபவர்களுக்கும் இதுவே பதில். மிச்சத்தைக் கிராஃபிக்ஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. மெமரி பக்கத்தில் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று அந்தக் கணக்கு இருக்கும்.

பலகையில் 4 ஜிபி ஒட்டியிருக்கிறது, ஒரே ஒரு ஸ்லாட் என்றால் 8 ஜிபி போட்டு 12 ஆக்கலாம். அதில் 8 ஜிபி வரை இரட்டைச் சேனலிலும் மீதி ஒற்றையிலும் ஓடும், கெடுதல் ஒன்றுமில்லை. ஒரே 8 ஜிபி டிடிஆர்4 ரேமிலும் இரண்டு கட்டமைப்பு உண்டு. லேபிளில் '1ஆர்எக்ஸ்8' என்றிருப்பதில் எட்டு சிப், '1ஆர்எக்ஸ்16' என்றிருப்பதில் நான்கே சிப். விலை ஒன்றென்றால் எட்டு சிப் உள்ளதை எடுங்கள், அது சற்று வேகமானது.

மாட்டும் வேலை கவனமானவர்களுக்கு அரைமணி நேரம். விண்டோஸ் 11-ல் டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் வசதி) இயங்கினால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க ரெகவரி எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் (விண்டோஸ் திறக்கும் முன் ஓடும் அடிப்படை மென்பொருளில்) எதையாவது மாற்ற நேர்ந்தால் அடுத்த முறை திறக்கும்போது கேட்கலாம். சாதாரணமாக ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதென்றால் எடுத்துவிடுங்கள். லெனோவோ திங்க்பேட்களில் உள்ளிருக்கும் பேட்டரியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கப் பயாஸிலேயே வசதி உண்டு. அடிமூடி புடைத்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். நெம்புகிற கருவி அதில் குத்தினால் தீப்பிடிக்கலாம்.

ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் பிஹெச்0 அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், மிகச் சிறியவற்றுக்குப் பிஹெச்00. ரப்பர் பாதங்களின் அடியிலும் ஸ்க்ரூ இருக்கலாம். மூடி ஒரு மூலையில் மட்டும் வரமாட்டேன் என்றால் இழுக்காமல் அங்கே தேடுங்கள். ஒரு தாளில் அடிமூடியை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்தில் வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும், சில நேரம் போர்டையே துளைக்கும். மூடியைப் பிரிக்கப் பழைய ஏடிஎம் கார்டு போதும், இரும்பு வேண்டாம். திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பதினைந்து இருபது வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ரேமை உருவி போர்டு போன கணினிகள் வருகின்றன. ரேமைத் தொடும் முன் ஏதாவதொரு பெயின்ட் இல்லாத இரும்புப் பொருளைத் தொட்டு, கையில் தேங்கிய ஸ்டேட்டிக் மின்சாரத்தை இறக்குங்கள். நைலான் பாய், கம்பளத்தின் மேல் வேலை வேண்டாம்.

ரேமின் இரு பக்கமும் உள்ள கிளிப்புகளை ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக விலக்கினால், அது தானே முப்பது டிகிரி அளவுக்கு மேலே எழும்பும். அந்தச் சாய்விலேயே உருவவேண்டும், புதியதையும் அதே சாய்வில் நுழைக்கவேண்டும். தங்க நிறப் பட்டை ஏறக்குறைய முழுவதும் உள்ளே மறைந்த பிறகே கீழே அழுத்துங்கள்; இரு பக்கமும் 'டிக்' என்று பிடிக்கும். மாட்டிய பிறகு டிஸ்ப்ளே வராமல் எங்களிடம் வருபவற்றில் பாதிக்கு மேல், ரேம் முழுதாக உள்ளே போகாமலே அழுத்தப்பட்டவை. தங்கப் பட்டையை விரலால் தொடாதீர்கள். பழைய ரேமில் கறை இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம். கடைகளில் அழிரப்பரால் தேய்ப்பது வழக்கம். வெள்ளை அழிரப்பரென்றால் பாதகமில்லை, ஆனால் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் ஊதித் துடைத்த பிறகே மாட்டவேண்டும். உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் இந்தக் கறை சீக்கிரம் வரும்.

முதல் முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே இருந்தால் பதறி அணைக்கவேண்டாம். புது ரேமைக் கணினி பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். டிடிஆர்5 என்றால் சில நிமிடம்கூட ஆகலாம். அதற்கும் பிறகு வராவிட்டால் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். பிறகு புதியதை மட்டும் போட்டும், பழையதை மட்டும் போட்டும், ஸ்லாட்டை மாற்றியும் பாருங்கள். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் ஓடவில்லை என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. டெல் லேப்டாப்களில் பல மாடல்களில் பேட்டரி விளக்கு ஆரஞ்சு நிறத்தில் இரண்டு முறையும் வெள்ளையில் மூன்று முறையும் மின்னினால் ரேம் அகப்படவில்லை என்று அர்த்தம். இரண்டும் நான்குமாக மின்னினால் ரேமிலேயே கோளாறு.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழுதான ரேம் உடனே நிற்காது. என்றைக்கோ ஒரு நாள் நீலத் திரை வரும், அதற்கு முன்பே சேமித்த ஃபைல்கள் சிதைந்திருக்கும். கணக்குப் புத்தகமும் கல்லூரி புராஜெக்டும் இருக்கும் கணினியில் அந்த ஒரு ராத்திரியை மிச்சம்பிடிக்கக் கூடாது.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு ரேம் கேட்டு வருபவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியது உண்டு. 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண், அதிலும் 3.2, 3.5 ஜிபி அளவே பயன்படும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்றால் 2 ஜிபிக்கு மேல் அது எடுத்துக்கொள்ளவே செய்யாது. 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவிய பிறகே கூடுதல் ரேமால் பயன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது ரேமை மட்டுமல்ல, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் எட்டாம் தலைமுறை அளவிலான பிராசஸரையும்தான். ரேம் கூட்டிவிட்டால் அது ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இத்தகைய கணினியில் 4 ஜிபி ரேம், ஒரு சிறிய எஸ்எஸ்டி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஆகியவை போதும்; பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக்கும் தட்டச்சுக்கும் தாராளமாக ஓடும். இந்தப் பழைய டிடிஆர்3 ரேம்களைப் புதிதாகத் தேடி அலையாமல், நம்பகமான கடையில் சோதித்துக் கொடுக்கும் செகண்ட் ஹேண்ட் ரேமையே வாங்கலாம்.

கடையில் கொடுத்து மாட்டினால், உங்கள் எதிரிலேயே மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ரேம் உங்களுடையது. கேட்டு வாங்குங்கள், இன்றைய விலையில் அதற்கும் மதிப்பிருக்கிறது. பில்லில் 'ரேம் 8 ஜிபி' என்று மட்டும் எழுதவிடாமல், பிராண்ட், வகை, வேகம், லேபிளில் உள்ள சீரியல் எண் நான்கையும் எழுதி வாங்குங்கள். பழைய கணினியிலிருந்து எடுத்ததைப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். தங்கப் பட்டையில் நேராக ஓடும் கீறல்கள் இருந்தால் அது முன்பே வேறெங்கோ மாட்டப்பட்டது. சிபியு-இசட் காட்டும் பெயரும் ஸ்டிக்கரில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

இவ்வளவையும் வாங்குபவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்பதால்தான் இந்தக் கடிதம். கடையில் தொங்கும் விலைச்சீட்டில் பிராசஸர், ரேம் அளவு, எஸ்எஸ்டி அளவு எல்லாம் இருக்கின்றன. ரேமைக் கூட்ட முடியுமா என்பது மட்டும் இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை பற்றி அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாகச் சொல்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தையே தொடங்கியது. பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை விற்குமிடத்தில் காட்டுவது கட்டாயம். இங்கே நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது. பெட்டியிலும் விலைச்சீட்டிலும் ஒரே ஒரு வரி: ஒட்டிய ரேம் எவ்வளவு, ஸ்லாட் எத்தனை, அதில் காலி எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும். தயாரிப்பாளர்களிடம் இந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அச்சிடுவதைக் கட்டாயமாக்கத் துறை உத்தரவிட வேண்டும். அரசு தன் மாணவர்களுக்காக லேப்டாப்களை மொத்தமாக வாங்கும் டெண்டர்களிலும், குறைந்தது ஒரு காலி ஸ்லாட் இருக்கவேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேர்க்கவேண்டும்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை.